பச்சைப் புள்ளியில் அம்மா

நெதர்லாந்துக்காரர்கள் காலையில் எங்கள் ஆபீஸுக்கு வந்ததும் "ஹூயமோர்ஹன்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, முகம் பாராமல் சுவரிலுள்ள திரையைப் பார்ப்பார்கள். அதில் ஒவ்வொரு சேர்வர் கணினிக்கும் ஒரு புள்ளி. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் போய்விட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்களே, அதேதான். ஒரு வித்தியாசம், இங்கே பெரட்டுக்கு வராத இயந்திரத்தை யாரும் ஏசுவதில்லை. பதறியடித்துக்கொண்டு போய்க் கவனிக்கிறார்கள்.

இந்தக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவுவது ஐந்து நிமிட வேலை என்று விளம்பரம். பொய்யில்லை. போன விடுமுறையில் ஊருக்கு, லிந்துலைக்குப் போனபோது, தேத்தண்ணி ஆறுவதற்குள் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் அம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவிலும் நிறுவிவிட்டேன். கையடக்கமான ஒரு கணினி, நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று எனக்குச் சேதி அனுப்பும். லயத்துக்கு மேலே மலைச்சரிவில் மண் வெடித்திருக்கிறது, அம்மா தனியாக இருக்கிறார், எனக்குப் பயம். வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் வந்து மாலை வாங்கிப் போகிறவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் இன்னும் கிடைக்கவில்லை.

நெதர்லாந்துக்குத் திரும்பிய மறுநாளே புள்ளி சிவந்தது. உடனே அழைத்தேன்.

"கொழுந்தெடுக்கப் போறப்ப மெயின் சுவிச்ச நிப்பாட்டாம போவாங்களா?" என்றார் அம்மா. "பழைய வயரு, லயமே பத்திக்கிடும். நான் நல்லாத்தான் இருக்கேன். ஒன் பொட்டிதான் தூங்குது."

லயத்தில் எல்லாரும் அப்படித்தான். பெரிய படிப்புப் படித்த எனக்குத்தான் அது ஞாபகத்தில் இல்லை. அன்றிலிருந்து பகலெல்லாம் சிவப்பு, அந்தியில் பச்சை.

பக்கத்து மேசை யான் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தான்.

"'அம்மா' எந்த சேர்வர்? தினமும் விழுகிறதே. பழசு போல, தூக்கிவிட்டுப் புதுசு போடேன்."

"எங்கள் நாட்டில் அதற்கு வசதியில்லை" என்றேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பகல் முழுக்கப் பச்சை. மழைக்கு வேலை நின்றிருக்கும், அம்மா வீட்டில் இருக்கிறார் என்று நிம்மதியாகக் கோப்பி குடித்தேன். யானுக்குக்கூடப் பெருமையாகக் காட்டினேன். பிறகு தெரியாத எண்ணிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மண்ணு எறங்கிருச்சுய்யா. மேல் லயம் பாதி உள்ள போயிருச்சு. போட்டது போட்டபடி ஓடியாந்துட்டோம், சுவிச்சக்கூட நிப்பாட்டல. எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம்."

ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். பாதி ஆறுதல், பாதி ஆத்திரம். அம்மா பள்ளிக்கூடத் தரையில் ஈரச் சேலையோடு, நான் இங்கே ஹீட்டர் பக்கத்தில். எங்கள் இருவரில் ஒருவரும் இல்லாத அந்தக் காம்பரா மட்டும், நிமிடத்துக்கு ஒரு தடவை, இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.