மஸீனா ராத்தாவின் கடைசிக் காட்சி

போன கிழமை கற்பிட்டி பஸ்ஸில் யாரோ ஒருவர் கருவாட்டுப் பொதியை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு நித்திரையாகிப் போனார். முன்னால் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மணத்தை கமராவில எப்பிடிப் பிடிக்கிறது?" என்ற பழைய குரல் ஒன்றுதான் காதுக்குள் கேட்டது.

அந்தக் குரலுக்குரியவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கொழும்பிலிருந்த திரைக்கதை ஆலோசகர். என் மடிக்கணினியில் தலையும் தோளுமாகத் தெரிவார். அப்போது நான் கண்டக்குழிப் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. பெண்கள் எழுதும் குறும்படங்களுக்கு உதவுவதாக ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. "நான் கதை சொல்றன், நீ டைப் பண்ணித் தா புள்ள" என்று அக்கா முறையான பக்கத்து வீட்டு மஸீனா ராத்தா வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கதை அவருடையதுதான். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. காற்று இந்தியப் பக்கம் தள்ளியிருக்கும், அங்கே பிடித்து வைத்திருப்பார்கள் என்று ராத்தா நம்பினார். கணவனை இழந்த பெண் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கும் இத்தாவை இருந்து முடிக்கச் சொல்லி கூடப்பிறந்த நானாமார் நெருக்கினார்கள். "மௌத்தானத்த யாரு கண்ட?" என்று, மரணத்துக்குச் சாட்சி கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் எழுதச் சொன்ன கதையின் முடிவில் கணவர் படகிலிருந்து இறங்கி வந்தார். சொந்தக் கதை என்று ஆலோசகருக்கு நாங்கள் சொல்லவில்லை.

ஆலோசகர் வேலை தெரிந்த மனிதர். முதலில் அவர் வெட்டியது நான் செருகிய வசனத்தை. "'அலைகளே, நீங்களே சாட்சி'. இது யார் எழுதினது?" ராத்தா கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டினார். தமிழ் படித்தவள் என்ற என் மிதப்பு அன்றோடு இறங்கியது. அடுத்து, 'வீடெல்லாம் கருவாட்டு மணம்' என்ற வரி. அதற்குத்தான் அந்தக் கேள்வி. ராத்தா சில நாள் யோசித்தார். கணவன் இடுப்பில் உடுத்த சாரத்தைக் கழுவ எடுக்கும் மனைவி, அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுவாமலே அலுமாரியில் வைப்பதாக மாற்றச் சொன்னார். ஆலோசகர் அந்த வரியை மறுபடி வாசித்தார். பிறகு, "இதுதான் சினிமா" என்றார். அன்று ராத்தா இனிப்பாக வட்டிலப்பம் அவித்தார்.

அடுத்த முறை ஆலோசகர் கதையின் முடிவுக்கு வந்தார்.

"அவர் திரும்பி வாறத நம்ப ஏலாம இருக்கு. நீங்க ஆசப்பட்டு எழுதியிருக்கிறீங்க. அவர் இல்லையெண்டு அவ ஏத்துக்கொள்ற இடம்தான் படம்."

நான் கமராவையும் மைக்கையும் நிறுத்தினேன். "உங்கட கதையெண்டு சொல்லவா ராத்தா?"

"வாணாம். சொன்னா பாவம் பாத்து நல்லமெண்டுருவாரு." பிறகு, "என்ட கையால அவர மௌத்தாக்கச் சொல்றாரு" என்றார்.

"இத விட்டுருவம்" என்றேன். ராத்தா எழுந்து போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் கதையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் வந்தவர், உட்காரக்கூட இல்லை. "எழுது" என்றார். மனைவி கிணற்றடியில் சாரத்தைக் கழுவுகிறாள். கொடியில் உலர்த்துகிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். பேச்சே இல்லை. சொன்னபடியே டைப் பண்ணி ஆலோசகருக்கு அனுப்பினேன்.

"ஒரு எழுத்தும் மாத்த வேணாம்" என்று ஆலோசகரின் பதில் வந்ததும் ராத்தா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அவருடைய உம்மா நின்றார். "அவ இத்தாவுக்கு இருந்துட்டா மகள்."

உள்ளே ராத்தா வெள்ளை உடுத்து இருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாயிருக்காம்."

"ம்."

படம் எடுக்கப்படவில்லை, அந்தத் திட்டமே நின்றுபோனது. கணினி பழுதாகிக் கதையும் போனது. ராத்தா புத்தளத்துக்கு நானா வீட்டோடு போய்விட்டார். அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு லொட்ஜ். ஆலோசகர் சொன்னது கதைக்குச் சரி. ராத்தாவுக்குச் சரியா என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதிக்கொண்டிருந்த நாட்களில், கரையில் எஞ்சின் சத்தம் கேட்டால் ராத்தா பாதி வசனத்தில் எழுந்து வாசலுக்குப் போவார். பார்த்துவிட்டு வந்து, "எங்க விட்டம்?" என்பார். போன மாதம் ஒரு கலியாணத்துக்கு வந்தவர் என்னோடு கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு படகு இரைந்துகொண்டு வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தது நான்தான்.