டோரீன் குதித்த இடம்

வெர்ன் கொஸ்டாக் தன் வாலிபம் முழுவதையும் ஹாமில்டன் நகரத்து எஃகு உலைக்குக் கொடுத்தார். உலையின் இரைச்சல் பதிலுக்கு அவருடைய இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டது.

என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் முன்னறையில் ஜன்னலைத் தவிர மற்ற இடமெல்லாம் ராக் இசைத்தட்டு ஆல்பங்கள்தான். பழைய மரத்தரை; அழுத்தி நடந்தால் இசைத்தட்டின்மேல் ஊசி துள்ளிவிடும். பாட்டு ஓடும்போது அந்த வீட்டில் எல்லோரும் பூனைபோலத்தான் நடப்போம். காது முழுதாகப் போன பிறகும் அவர் தட்டுகளை எடுத்துத் துடைத்துவைப்பதை விடவில்லை.

போன இலையுதிர்காலத்தில் மருத்துவமனையில் அறுவை செய்து அவர் காதுக்குள் கேட்கும் கருவி ஒன்று வைத்தார்கள். மனைவி டோரீனின் பேச்சு மெல்ல மெல்லப் புரிந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

"தகர டப்பாக்குள்ள எலி ஓடுது" என்றார்.

நன்றாகப் பழகிய பாட்டுகளைக் கேளுங்கள், மூளை அடையாளம் கண்டுகொள்ளலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம் என்றாள் மருத்துவமனைப் பெண். குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு ஆல்பமாக எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் எலிதான். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், "எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடு, டோரீன்" என்று சொல்லிவிட்டார். அன்று அவள் என் சமையலறையில் வந்து அழுத அழுகையைக் கல்லும் தாங்காது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது டோரீனின் தம்பி லைல் வந்தான். கையில், அட்டையில் மின்னல் விழுந்த மரம் போட்ட ஆல்பம். வெர்னின் உயிர் அது.

"மச்சான், கடைசியா இதைக் கேளு. புதுசா அச்சடிச்சது. ஒரு கீறல் கிடையாது. உன் பழசு நொண்டுமே!"

"நொண்டுனது என்னாலதான்னு இன்னும் எத்தனை காலத்துக்குடா குத்திக்காட்டுவீங்க?" டோரீன் சீறினாள்.

கல்யாணமான புதிதில் இதே அறையில் நடந்த விருந்தில், ஆட்டத்தின் உச்சத்தில் அவள் ஒரு குதி குதித்தாள். ஊசி இழுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இரண்டாம் பக்கத்தின் இரண்டாவது பாட்டில் பாடகனின் ஒரு சொல் பாதியில் அறுந்து, தாளம் ஒரு எட்டுத் தாவிவிடும். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித் தாவித்தான் பாடுவார்கள்.

லைல் புதிய தட்டைப் போட்டான். வெர்ன் கண்ணை மூடிக் கேட்டார்.

"எலி" என்றார்.

"இருங்க. என் பாவத்தையும் ஒரு தடவை கேட்டுட்டு, ரெண்டையும் சேர்த்தே அனுப்பிடலாம்." டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய தட்டை எடுத்தாள்.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. வெர்ன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்!

அவர் சட்டென்று திரும்பினார்.

"டோரீன்... நீ குதிச்ச இடம்!"

"என்ன?"

"பேசாத... இரு, இரு..." விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. தாவிய தாளத்தோடு அச்சுப் பிசகாமல் தட்டின. "டிரம்ஸ் வருது... அடியில கிடார் உறுமுது... ஐயோ, பாடுறான்டி! அவன் பாடுறான்!"

அந்தக் கிழவரின் முகத்தில் பாட்டு ஏறியதைப் பார்த்தேன். எந்தத் தேவாலயத்திலும் நான் அப்படி மூச்சடக்கி நின்றதில்லை. ஒரு கீறல், இத்தனை காலம் பழி சுமந்த ஒரு கீறல், கதவைத் திறந்துவிட்டது!

லைல் தொண்டையைச் செருமினான். "அப்போ புதுசு?"

"நீயே வெச்சுக்கடா. அதுல உங்க அக்கா இல்ல." வெர்ன் எழுந்து நின்றார். "அடுத்த பாட்டு வருது. டோரீன், குதி!"

"முட்டி வலிக்குது வெர்ன். இன்னொரு கீறல் விழும்."

"விழட்டும்டி!"

டோரீன் செருப்பைக் கழற்றினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்போலக் குதித்தாள்.