இடுப்பளவுத் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் கடையில் பேன்ட் கிடைக்காது. கல்யாணமான புதிதில் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் தெரிந்தது. அன்றிலிருந்து நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். நான் தையற்காரி, கடைத்தெருவில் இரண்டு மெஷின் போட்டு நடத்துகிறேன். அவர் பேன்ட்டின் நீளம் நாற்பத்தைந்து இஞ்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவர் ஐஸ் பேக்டரிகளில் கம்ப்ரசர் பழுது பார்ப்பவர். மீன்பிடி தீவுகளில் அந்த இயந்திரம் ஒரு நாள் நின்றால் பிடித்த மீன் அத்தனையும் நாறிவிடும், அதனால் அடித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ஏணி என்று பெயர். பல்பு மாட்டக்கூட யாரும் ஸ்டூல் தேடுவதில்லை, "ஏணியக் கூப்பிடு" என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் வரைபடத்தில் புள்ளிகூட வைக்காத முப்பது நாற்பது தீவுகளை அவர் பார்த்துவிட்டார். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. படகில் கால் வைத்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

வேலை முடிந்து, திரும்பிக் கூட்டிப்போகும் லாஞ்ச் படகு வரும்வரை மனிதர் சும்மா உட்காரமாட்டார். தீவைச் சுற்றிவிட்டு வந்து, கோடு போட்ட நோட்டில் எழுதுவார். ஒரு தீவில் நாற்பது வீடு, ஊருக்கே ஒரு கடிகாரம், அதுவும் பள்ளிக்கூடச் சுவரில். சாவி கொடுக்கும் வாத்தியார் லீவு போட்டால் அன்றைக்கு மணி தெரியாது. இன்னொரு தீவில் லாஞ்ச் சத்தம் கேட்டதும் நாய்கள் வந்து வரிசையாக உட்காருமாம், யாரோ எப்போதோ போட்ட பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு. கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. அதைப் படித்து, போனில் டைப் செய்து, ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்புவது என் வேலை. யாரும் போகாத இடங்களுக்கென்று அவர்கள் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அச்சில் வரும் நாளில் இவர் தெருவில் இன்னும் இரண்டு இஞ்சு உயரமாக நடப்பார்.

அப்படித்தான் அந்தக் குட்டித் தீவைப் பற்றியும் எழுதினார். ஐஸ் பேக்டரி இருக்கும் தீவுக்கு எதிரில் ஒரு மணல் திட்டு, நிறைய மரம், ஒரு மனுஷன் இல்லை. கடல் வற்றும் நேரத்தில் குறுக்கே நடந்தே போய்விடலாம். எந்த நேரம், எந்தப் பாறையிலிருந்து இறங்க வேண்டும், எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "போகும்போது முழங்கால், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது இடுப்பு. அதற்கு மேல் தண்ணீர் வராது." நான் அதை டைப் செய்தேன். ஒரு பிளவுஸின் கை அரை இஞ்சு கூடினால் கண்டுபிடிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஐஸ் பேக்டரி மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏணி, உன் பேப்பரப் பாத்துட்டு ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்கப்பா. திரும்பி வர்றப்ப அந்தம்மாவ இழுத்துட்டுப் போயிடுச்சு. படகுக்காரங்க தூக்கிட்டாங்க. உசுரு இருக்கு, ஆனா பேச்சு மூச்சு இல்ல. உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருக்கு."

அன்று முழுக்க இவர் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். "நான் நடந்து பாத்துட்டுத்தான எழுதினேன்? திரும்பறப்ப இடுப்பளவுதான் இருந்துச்சு. அவங்க நேரம் தவறிப் போயிருப்பாங்க."

எனக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. கொடியில் அவர் பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து, கால் விளிம்பு தரையில் படும்படி சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். பக்கத்தில் நானும் நின்றேன். இடுப்புப் பட்டி என் அக்குளுக்கு வந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். பேன்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தையல் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் ஆழம் தெரிந்துதான் காலை விட்டார், ஆனால் அது அவர் காலுக்கு மட்டும் தெரிந்த ஆழம். அந்த நாற்பத்தைந்து என் மனதில் கிடந்த கணக்கு. குற்றத்தில் பாதி என்னுடையது.

மறுநாள் காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நான்கு விரல்தான் உயரம் இருப்பார். கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு, நனைந்து காய்ந்து அப்பளம்போல் இருந்தது. இவர் வராந்தா நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். நாங்கள் யாரென்று நான் சொன்னேன். அந்த மனிதர் இவரைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தார், மறுபடி கீழே வந்து இவர் பெல்ட்டில் கண்ணை நிறுத்தினார். நாங்கள் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"நேரமெல்லாம் சரியாத்தான் சார் எழுதியிருந்தீங்க," என்றார். "தண்ணி இடுப்புக்கு வந்தப்பக்கூட அவ பயப்படல. இதோட சரி, இனிமே ஏறாதுன்னு போட்டிருக்குல்ல, வாங்கன்னு என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. நீங்க எவ்வளவு உசரம்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"டைப் பண்ணது நான்தாங்க, நான் டெய்லர்," என்றேன். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். பத்திரிகையில் நான்கு வரித் திருத்தம் போட்டார்கள், பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில். அதை யார் படித்தார்கள்? பழைய கட்டுரை மட்டும் படத்தோடு போனுக்குப் போன் பறந்துகொண்டிருந்தது. மேனேஜர் எச்சரிக்கைப் பலகை வைத்தார். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.

இவர் எழுதுவதை விட்டுவிட்டார். ஞாயிறு தோறும் லாஞ்ச் ஏறிப் போய், இரண்டு தீவுக்கும் இடையே உள்ள தண்ணீரின் நடுவில் நின்று, கையை விரித்து ஆட்களைத் தடுத்தார். மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதார். இருபத்திரண்டு வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"என்னப் பாத்துட்டுத்தான் எறங்கறாங்க. 'பாரு, அந்தாளு முழங்கால் தண்ணியிலதான நிக்கிறாரு, வா வா'ன்னு புள்ளைகளையும் கூட்டிட்டுப் போறாங்க. நான் என்ன செய்வேன்?"

அடுத்த ஞாயிறு நானும் லாஞ்ச் ஏறினேன். போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை வாந்தி. அவர் முழங்காலுக்கு வந்த தண்ணீர் என் தொடைக்கு ஏறியது, அலை அடித்தபோது இடுப்பையும் நனைத்தது, கால் தரையில் நிற்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். கரையில் ஒரு பெண் தன் புருஷனிடம் கத்தியது கேட்டது: "ஐயோ, அந்தம்மாவுக்கே இடுப்பு வரைக்கும் இருக்கு! நான் வரமாட்டேன்ப்பா!" அவர்கள் திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் போகிறோம். எல்லோரும் திரும்பிவிடுவதில்லை. போன வாரம் இரண்டு பையன்கள் என்னைக் கேலி செய்துகொண்டே அக்கரைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் என் நெஞ்சுக்கு ஏறியது. "போதும், மேல வாடி!" என்று இவர் கரையிலிருந்து கத்தினார். நான் அசையவில்லை. திரும்பி வருகிறவனுக்கு ஆழம் தெரிய வேண்டுமென்றால் நான் அங்கே நிற்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர்கள் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். படகு போய்த்தான் கூட்டி வந்தது.

என் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இவர் கரையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தபின் கயிறு அறுத்த அந்த உள்ளங்கைக்கு நான்தான் மருந்து போட்டுவிடுகிறேன்.