பாவித்த மான் தலை

என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், நோர்வேக்காரர். வேட்டைப் பைத்தியம். கல்யாணம் முடிந்து மூன்று வருடமாகியும் அலுவல் இல்லாமல் அவர் எனக்கு ஒருநாளும் தொலைபேசி எடுத்ததில்லை. எடுத்தால் அலுவலைச் சொல்வார், நன்றி சொல்வார், வைத்துவிடுவார். "சாப்பிட்டீர்களா?" என்று நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். பெண்ணைக் கொடுத்த வீட்டோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டாமா? எனக்கு அது உள்ளுக்குள் பெரிய மனக்குறை.

அப்படிப்பட்டவர் இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்த நேரம் ஒருநாள் எடுத்தார். ஆபிரிக்காவில் வேட்டையாடிய மானின் தலை, பாடம் செய்யப்பட்டு ஒஸ்லோ விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு வந்துவிட்டதாம். சுங்கத்திலிருந்து எடுத்துத் தர ஒரு முகவரைத் தெரியுமா என்று கேட்டார். நான் விடுவேனா? முகவர் எதற்கு, நானே எடுத்துத் தருகிறேன், கொழும்புத் துறைமுகத்தில் எத்தனை பெட்டி எடுத்தவன் நான் என்று அளந்துவிட்டேன்.

மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தினை பெட்டி எடுத்தனீங்கள்? ஒரேயொரு பெட்டி. அதையும் அங்கையே விட்டிட்டெல்லோ வந்தனீங்கள்."

உண்மைதான். ஆனால் அது சம்பந்திக்குத் தெரியாது.

அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தையும் ஒரு தடித்த உறையையும் மருமகன் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். உறைக்குள் விலங்கு வைத்தியரின் சான்றிதழ், ஏற்றுமதி அனுமதி, வேட்டைக்குக் கூட்டிப் போனவர்களின் அறிக்கை என்று ஒரு கட்டு. எல்லாவற்றையும் வாசித்தேன் என்று சொல்ல ஆசைதான். வாசிக்கவில்லை. ஒன்பது தாள் இருக்கிறதா என்று எண்ணி மட்டும் பார்த்தேன்.

சுங்கப் படிவத்தை நானே நிரப்பினேன். அதில்தான் பழக்கதோஷம் காலை வாரியது. ஊருக்குப் பெட்டி அனுப்பிப் பழகிய கை, வரி விழாமல் இருக்க உறை பிரிக்காத தொலைக்காட்சியைக்கூடப் பழசு என்றுதான் எழுதும். அந்தக் கை என்னைக் கேளாமலே எழுதியது: "மான் தலை ஒன்று. பாவித்தது. பெறுமதி இல்லை."

சுங்க அலுவலகத்தில் ஓர் இளம் பெண் அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"பாவித்தது என்று போட்டிருக்கிறீர்கள். யார் பாவித்தது?"

கொஞ்சம் யோசித்தேன். "மான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பொருளின் சொந்தக்காரர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். மகளின் கணவரின் அப்பா என்றேன்.

"அப்படியென்றால் உறவினர் இல்லை," என்று ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. சம்பந்தி என்றால் என்ன மரியாதை, என்ன முறை என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு எடுத்திருப்பேன். அதற்குள் அவர் வேட்டை அறிக்கையில் விரலை வைத்துவிட்டார்.

"இதில் சுட்டவர் வேறு ஆள். வாடிக்கையாளரின் குண்டு மரத்தில் பட்டது, மானைச் சுட்டது வழிகாட்டி என்று இருக்கிறது. இது சொந்தமாக வேட்டையாடியதா, வாங்கியதா? சொந்தக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

போன டிசம்பர் நத்தார் விருந்தில் சம்பந்தி எழுந்து நின்று, துவக்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, அந்த ஒற்றை வெடியின் கதையைச் சொன்னவர். மருமகன் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. வாசலுக்கு வந்து தொலைபேசி எடுத்தேன்.

"ஒரு சின்னக் கேள்வி. அந்த மானைச் சுட்டது யார்?"

வழக்கம்போல் வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வழிகாட்டி," என்றார் கடைசியில். "மகனுக்குத் தெரியாது."

அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு அவரைத் தனியே நிற்கவிட மனம் வரவில்லை.

"கொழும்பில் நான் எடுக்கப்போனது ஒரு பெட்டிதான்," என்றேன். "அதுவும் கைக்கு வரவில்லை. இப்போதுகூட உங்கள் மானைப் பாவித்தது என்று எழுதிவிட்டு நிற்கிறேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. இடையிடையே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார், மறுபடியும் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவரிடம் விலையைக் கேட்டு, பழைய படிவத்தைக் கிழித்துவிட்டு, வாங்கிய பொருள் என்று உண்மையான விலையோடு எழுதிக் கொடுத்தேன். பெட்டி என் காருக்குள் போகவில்லை. பெட்டியின் பலகைகளைக் கழற்றி, தலையைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, இருக்கைப் பட்டியும் போட்டுவிட்டேன். முறுக்கிய கொம்பு இரண்டும் என் தோளுக்கு அருகே நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்தார், மானைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் மரியாதையாகத் தலையசைத்தேன்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டில் மானைச் சுவரில் மாட்டினோம். மனைவி உழுந்து வடை சுட்டுக்கொண்டு வந்தாள். மருமகன் விடவில்லை, கதையை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சம்பந்தி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, இந்தமுறை கையை உயர்த்தாமல், சொன்னார்.

"ஒரே வெடியோ?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

"ஓம், அவர் வைச்சது ஒரே வெடிதான். பேப்பரிலை நான் பார்த்தனான்."

சுங்கத்தில் கஷ்டமாக இருந்ததா என்று மருமகன் கேட்டார். நான் வாய் திறக்கமுன் சம்பந்தி பதில் சொன்னார்: "உன் மாமனார் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்." அவர் சொன்னது நோர்வேஜிய மொழியில், கருத்து இதுதான். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் தட்டில் அவசரமாக இரண்டு வடையை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. திரும்பவும் ஏதாவது வந்து இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா எடுத்தேன் என்றார்.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன்.

மீனும் உருளைக்கிழங்கும் என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீங்கள்?" என்று கேட்டார்.