வசந்தாவின் குரலில் பாடியது யார்?

1. வரமாட்டேன் என்ற விமர்சகர்

சனிக்கிழமை காலை, லைவ் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாத சமயத்தில் ரகுநாதன் சார் போன் செய்தார்.

"கல்யாணி, இன்னிக்கு நான் வரலை. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்கோ."

உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். காரணத்தைக் காலையிலேயே மொபைலில் பார்த்துவிட்டேன்.

அப்போது நான் திருச்சியில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். புதிதாக வரும் சினிமா, பாட்டு, வெப் சீரிஸ் பற்றி வாரம் ஒருமுறை இரண்டு விமர்சகர்களைப் பேச வைப்போம். ஒருவர் ஸ்ரீரங்கத்து ரகுநாதன் சார், பத்திரிகையில் பல காலமாக இசை விமர்சனம் எழுதுபவர். இன்னொருவர் தில்லை நகர் மும்தாஜ், யூடியூப் விமர்சகர். வயதில் சாருக்கு மகள் மாதிரி, வாதத்தில் சரிக்குச் சரி. நடுவில் நான்.

அந்த வாரத் தலைப்பு, வசந்தாவின் புதுப் பாட்டு. எங்கள் பக்கத்து மெல்லிசைக் கச்சேரிகளில் வசந்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அவர் பாடுவதில்லை. திடீரென்று அவர் குரலில் ஒரு புதுப் பாட்டு வந்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. பாடியவர் பெயர் எங்கும் இல்லை, பெயர் தேவைப்படவும் இல்லை. ரகுநாதன் சார் உருகி எழுதியிருந்தார்: "வசந்தா திரும்பி வந்துவிட்டார். குரலில் அதே ஈரம்."

அன்று காலை பாட்டைப் போட்டவரே உண்மையைச் சொல்லிவிட்டார். பாடியது ஏஐ. சாருடைய வரிகளைப் பாட்டின் பக்கத்தில் ஒட்டி, ஊர் சிரிக்க ஆரம்பித்திருந்தது.

"சார், நீங்க வரலைன்னா ஊரே உங்களைப் பத்திப் பேசும். வந்தீங்கன்னா நீங்களும் பேசலாம்" என்றேன்.

"ஆட்டோ பிடிச்சு வரேன்" என்றார்.

நிலையத் தலைவருக்கு இதில் விருப்பமில்லை. "எதுக்குங்க வம்பு? பழைய எபிசோடு ஒண்ணைப் போட்டு ஓட்டிடுங்க."

"இன்னிக்கு லைவ்தான் சார். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. ஆனால் ஒரு ஆளை நாங்கள் யாருமே விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தவில்காரரிடம் நம்பர் வாங்கி, ஜீயபுரத்தில் இருந்த வசந்தாவைக் கூப்பிட்டேன். கரகரவென்று ஒரு குரல் வந்தது. அவர்தான்.

"பரவால்லையே, என்னையும் ஒருத்தர் கேக்கறீங்க. நிகழ்ச்சி நடக்கறப்ப போன் பண்ணுங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும்."

என்ன என்று நான் கேட்கவில்லை. முன்கூட்டியே கேட்டுவிட்டால் லைவில் அது ஆறிப்போய்விடும்.

2. மைக் திறந்த பிறகு

மும்தாஜ் சுற்றி வளைக்கவில்லை. "சார், நேராவே கேக்கறேன். உங்களை ஒரு மெஷின் ஏமாத்திடுச்சா?"

ரேடியோவில் சில நொடி அமைதியே பெரிய ஆபத்து. டெட் ஏர் என்போம், கேட்பவர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் சவுண்ட் இன்ஜினியர், பாட்டைப் போடவா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"ஏமாந்துட்டேன்" என்றார் ரகுநாதன் சார். "அந்தம்மா திரும்பிப் பாடறான்னு நினைச்சப்போ நேக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த சந்தோஷத்துல விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான். ஆனா பாட்டு நன்னா இருக்குன்னு சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். இப்பவும் நன்னாத்தான் இருக்கு."

மும்தாஜ் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப மெஷின் பாடினா ஓகேங்கறீங்களா?"

"பாட்டு ஓகே. அவா பாடினதா நம்ப வெச்சது ஓகே இல்லை."

"பாட்டைப் போட்டவர் பொய் சொல்லலையே சார். யார் பேரும் போடல, அவ்வளவுதான்."

"அந்தப் பேரைப் போடாததுதாம்மா பொய்."

மும்தாஜ் விடவில்லை. புது டெக்னாலஜி வரும்போதெல்லாம் இப்படித்தான் பயந்தோம், ரசிகருக்குப் பிடித்தால் போதாதா என்று நல்ல வேகத்தில் வாதாடினார். அவர் மூச்சு விட்ட இடத்தில் நான் வசந்தாவை லைனில் எடுத்தேன். குரல் கேட்கவே இல்லை. இன்ஜினியர் லைனின் ஒலி அளவை ஏற்றினார்.

"நான் வசந்தா பேசறேன். இப்ப என் குரல் இதுதாங்க."

ரகுநாதன் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டை முதல்ல கேட்டப்ப அழுதுட்டேன். நல்லா இருந்துச்சு. மறுநாள்லேருந்து போன். கல்யாணத்துக்குப் பாட வாங்க, திருவிழாவுக்கு வாங்கன்னு கூப்பிடறாங்க. என்னால இனிமே பாட முடியாதுன்னு ஒவ்வொருத்தருக்கா சொல்லி, நானும் மனசைத் தேத்தி, ஒரு வழியா முடிச்சிருந்தேங்க. இப்ப மறுபடியும் முதல்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ஸ்டுடியோவில் யாரும் பேசவில்லை. அந்த டெட் ஏரை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

மும்தாஜின் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. பாட்டை எடுத்துடச் சொல்லலாமா?"

"எடுக்க வேணாம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்."

நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்து அடுத்த லைனில் கூப்பிட்டவர், ஏஐயில் பாட்டைச் செய்து போட்ட சேகர். கைலாசபுரத்துக்காரர், தொழிற்சாலை ஊழியர். "அக்கா, சின்ன வயசுலேருந்து உங்க ரசிகன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் செஞ்சேன்."

"சந்தோஷப்பட்டேன் தம்பி. அதனாலதான் கோவமும் வருது."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றார் சேகர்.

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் பேசணும். இந்தக் குரல்லயே."

3. அதன் பிறகு

சேகர் சொன்னபடி ஜீயபுரம் போய்ப் பதிவு செய்தார். அந்தப் பாட்டு இப்போது வசந்தாவின் கரகரத்த குரலில்தான் தொடங்குகிறது: "இதைப் பாடினது நான் இல்லீங்க, மெஷின். நான் பேச மட்டும்தான் செய்யறேன்." கச்சேரிக்கு அழைக்கும் போன்கள் நின்றுவிட்டன. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பலர் கூப்பிட்டார்கள். ரகுநாதன் சார் தன் பத்தியில் திருத்தம் எழுதினார், தலைப்பிலேயே "நான் ஏமாந்தேன்" என்று போட்டு. முன்பைவிட அவரை அதிகம் பேர் படித்தார்கள்.

அடுத்த வாரமே, வசந்தாவை மூன்றாவது விமர்சகராக உட்கார வைக்க வேண்டும் என்று நான் கேட்டபோது நிலையத் தலைவர் தயங்கினார். "இந்தக் குரலை ரேடியோவுல யாருங்க கேப்பாங்க?"

"போன வாரம் எல்லாரும் கேட்டாங்களே சார்."

நான் ஓய்வு பெறும்வரை வசந்தா அந்த மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். பாட்டைப் பற்றி மட்டுமல்ல, சினிமாவையும் ஒரு கை பார்ப்பார். மும்தாஜுக்கும் அவருக்கும் நடக்கும் சண்டைக்காகவே கேட்டவர்கள் உண்டு.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். விமர்சகர் தப்பு செய்த வாரத்தில் அவருக்கு லீவு கொடுக்காதீர்கள், அந்த வாரம்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நினைத்துக்கொண்டெல்லாம் பேச வேண்டாம். நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுங்கள்.