சந்தனப் பொட்டும் மூன்றாவது பிளக்கும்

மறைந்த எங்கள் அண்ணா பலாங்கொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்தார். அப்பா காலமானபின் லொறி கழுவி, டிரைவிங் பழகி, பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடியே தங்கைகளைக் கரையேற்றினார். பிரசவ வலி என்று யார் வந்து நின்றாலும் கூலி பேசாமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. அறியாத ஒன்றைச் சொல்லச் சொன்னவரும் அண்ணாவேதான்.

ஓர் ஆயுத பூசைக்கு முந்தின நாள், டவுனில் கராஜ் வைத்திருக்கும் அவருடைய சிங்கள நண்பர், மெக்கானிக் சோமே பாஸ், காருக்குப் பொறி தட்டும் புதுப் பிளக்குகள் போட்டுக் கொடுத்தார். பூசையன்று அண்ணா எஞ்சினுக்கும் பொட்டு வைத்தார். ஒரு பொட்டோடு நிறுத்துகிற ஆளா அவர்? கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனத்தை அப்பி, மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். மறுநாள் மேட்டில் எஞ்சின் மிஸ் அடித்தது. கார் குலுங்கியதே தவிர ஏறவில்லை.

அண்ணாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். சோமே பாஸ் பழைய பிளக்கைத் துடைத்துப் போட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, என்னையும் வைத்துக்கொண்டே காரைக் கீழே இறக்கினார். கடைத்தெருவே பார்த்திருக்க, சோமே பாஸை “ஹொரா” என்று கத்தினார். சிங்களத்தில் திருடனுக்கு அதுதான் பெயர். ஒரு தமிழர் அப்படிக் கத்தினால் அந்தக் கலவர நாட்களில் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கை ஓங்கி வந்தவர்களைத் தடுத்தவரும் சோமே பாஸ்தான்.

“மல்லி, மொதல்ல எஞ்சின பாரு. பொறகு பேசு,” என்றார், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, தமக்குத் தெரிந்த தமிழில்.

திரும்பும் வழியில் தண்ணீர்ப் பீலியருகே அண்ணா காரை நிறுத்தினார். எஞ்சின் ஓட ஓட பிளக் வயர்களைத் துணி சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவில்லை; அந்த இடம்தான் ஏற்கெனவே ஓடாமல் கிடந்தது. அங்கிருந்த பிளக்கை வேறொன்றோடு இடம் மாற்றிப் பார்த்தும் மூன்றாவது இடமே வேலை செய்யவில்லை. பிளக்கில் குற்றமில்லை. வெளிச்சத்தை மறைக்க இருவரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு குனிந்தோம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில், மூன்றாவது வயரின் அடியில், ஈரச் சந்தனத்தின் மேல் நீலமாய் ஒரு பொறி ஓடியது.

“கரண்டு நான் வச்ச பொட்டு வழியா ஓடுதும்மா,” என்றார் அண்ணா. சாரத்து நுனியால் துடைத்தார். எஞ்சின் சீராக ஓடியது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு கராஜ் வாசல்வரை போனார். சோமே பாஸ் நிமிர்ந்து பார்த்தார். அண்ணா நிற்காமல் ஓட்டிவிட்டார். சிங்களம் தண்ணீர்பட்ட பாடாய்ப் பேசுபவருக்கு “சமாவென்ன” என்ற ஒரு சொல், மன்னித்துவிடுங்கள் என்பது, தொண்டையைத் தாண்டவில்லை. அதன்பின் காரில் எந்தப் பழுதென்றாலும், வெட்கத்தில் வேற்றூரான கொடகவெலவுக்கே கொண்டுபோனார். ஊரோ, பாஸ் திருடியது உண்மை என்று எடுத்துக்கொண்டது. கராஜுக்குத் தோட்டத்து வண்டிகள் போவது நின்றது.

அண்ணாவின் கடைசி நாட்களில் சோமே பாஸ் தம்பிலி இளநீர்க் குலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ் வெளியே போனபிறகு என்னிடம், “அவரு களவெடுக்கலன்னு எல்லாருக்கும் சொல்லிரு தங்கச்சி. எனக்கு மொகம் இல்ல,” என்றார்.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர், லயத்து மக்கள், கோயில் கமிட்டியார் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணாவின் உடலைத் தமது வேனில் தோட்டம்வரை ஏற்றிவந்தவர் சோமே பாஸ். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது இதை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். பாஸ், அந்தப் பிளக்குகள் புதியவைதான். அண்ணா சொல்ல நினைத்தது இதுதான்: சமாவென்ன.