கள்ளுக்கடைப் பலகை

வெயில் ஏறினால் எங்கள் வண்டியிலிருந்து கள் வாடை வரும். காலையில் வராது, பனி ஈரத்தில் பலகை நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். பத்து மணிக்குமேல் சூடு பிடித்ததும் முதலில் புளித்த மாவு மாதிரி லேசாக ஒரு நெடி, அதற்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு, உச்சி வெயிலில் மொந்தையையே மூக்குக்கு நேராகப் பிடித்ததுபோல் ஒரு வீச்சு. இன்றைக்கும் வீட்டில் இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டால் மருமகள் மாவுக்காக வருத்தப்படுவாள். எனக்கு இரண்டு மாடுகளும், அப்பாவின் முதுகும், அம்மா கட்டிவைத்த துணி மூட்டையும் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு வந்துவிடும்.

குவாலா சிலாங்கூருக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. துரைமார்கள் குதிரையை விட்டுவிட்டு மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த இருபதுகள் அவை. தோட்டத்துக்கு மோட்டார் வந்துவிட்டாலும் சுமைக்கு அப்பாவின் வண்டிதான். சொந்த வண்டி, சொந்த மாடுகள். ஒன்று வெள்ளையன், இன்னொன்று மயிலை. மரத்திலிருந்து இறக்கிய பாலைத் தோம்பு என்கிற பீப்பாய்களில் ஸ்டோருக்கும், ரப்பர் ஷீட்டுகளை ஆற்றுத் துறைக்கும், துறையில் இறங்கிய அரிசி மூட்டைகளை லயத்துக்கும் அப்பா கொண்டுபோவார். எனக்கு அப்போது ஒன்பது வயது, பாவாடை கட்டிய சிறுமி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது, வண்டிக்குப் பின்னால் ஏதாவது விழுந்தால் கத்துவது எல்லாம் என் வேலை. கத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முந்தின வருஷம் அம்மா அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். இனிமேல் குடிப்பதில்லை, கள்ளுக்கடைக்குள் கால் வைப்பதில்லை என்று இரண்டு சத்தியம். மீறினால் ராசா என்கிற ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அம்மா சாமிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் ஒரு வருஷம் சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்ததும் அம்மா ஏதோ சாக்கில் கிட்டே போய் அவர் வாயை முகர்ந்துவிட்டுத்தான் சோறு போடுவாள். அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார்.

இந்த நல்ல பெயருக்குப் பரிசாகத்தான், அந்த வருஷத் திருவிழாவில் ஆத்தாளை ஊர்வலமாகக் கொண்டுபோக அப்பாவின் வண்டியைக் கோயில் தலைவரும் கூலிக்காரர்களை வேலை வாங்குகிறவருமான மண்டோர் கேட்டார். குடிக்கிறவன் வண்டியில் ஆத்தா ஏறமாட்டாள் என்பது அங்கே சட்டம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் இரண்டிரண்டு தடவை சொன்னாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டித் தட்டு உடைந்தது. துறையிலிருந்து வரும் வழியில் ஓர் அரிசி மூட்டை தட்டோடு கீழே இறங்கிவிட்டது. நான் கத்தினேன். அப்பா இறங்கி வந்து பார்த்தால், பலகை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மண்டோர் யோசனை சொல்லிப் போட்ட ரப்பர் மரத் தட்டு. இரண்டே வருஷத்தில் வண்டு அரித்துத் தவிடாகிப் போயிருந்தது. மேலே சிந்திச் சிந்தி உறைந்த ரப்பர் பால்தான் தோல் மாதிரி நின்று இத்தனை நாளாக எங்கள் பிழைப்பைத் தாங்கியிருக்கிறது. அதைப் பாயைப்போல உரித்துச் சுருட்டினோம்.

புதுத் தட்டுக்கு எதைப் போடுவது என்று லயமே கூடிவிட்டது. மண்டோர் மறுபடியும் ரப்பர் மரத்தையே சொன்னார். தான் ஒரு தடவை சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார், ரவாங்கில் மரம் அறுக்கும் ஆலைக்குத் தானே கடிதம் எழுதித் தருவதாகவும் ஒரே மாதத்தில் பலகை வந்துவிடும் என்றும் சொன்னார். பத்து நாளில் திருவிழா என்றபோது, கடிதத்தை அவசரம் என்று எழுதலாம் என்றார். சுங்கை செம்பிலாங்கிலிருந்து கருவாடு கொண்டுவரும் மலாய்க்காரர் பாக் மாட், தங்கள் பக்கத்தில் வீட்டுக்கே அதுதான் தரை என்று நிபோங் சிம்புகளைக் கொண்டுவந்து போட்டார். நிபோங் காட்டுப்பனை, இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் மேல்பக்கம் உருண்டையாக இருந்ததால் பால் தோம்புகள் அதன்மேல் ஆட்டம் போட்டன. நாலாவது ஃபீல்டுக்கு வருவதற்குள் பாதிப் பால் சாலைக்குப் போய்விட்டது. ஆத்தாளை அதில் வைத்தால் அவள் அருள் வராமலே ஆடுவாள் என்று அப்பா அதைக் கழற்றிவிட்டார்.

பிறகு மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்துத் தகரமாக அடித்துப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும் அது எழுப்பிய சத்தத்தில் மயிலை மிரண்டு, வெள்ளையனையும் இழுத்துக்கொண்டு, வண்டியோடு சாலையோரக் கான்வாய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாட்டை மேலே ஏற்றவே அரை நாள் ஆனது. அப்பா நொந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கள்ளுக்கடையை இடித்துவிட்டுச் சிமெண்டு மேடை வைத்துப் புதுக்கடை கட்டினார்கள். பழைய கடையில் ஆட்கள் சாய்ந்து நின்று குடிக்கும் பெரிய பலகை மூன்று துண்டாகப் பின்வேலி ஓரம் கிடந்தது. மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் மரம். மூன்று விரல் கனம். எத்தனையோ வருஷம் ஈரத்தில் ஊறியும் ஒரு வண்டுகூட வாய்வைக்கவில்லை. வண்டுகூட மயங்கித்தான் விழுந்திருக்கும். அப்பா மூன்று நாள் அந்தப் பக்கம் திரும்பாமலே வண்டி ஓட்டினார். ஆனால் ஓரக்கண் என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? நாலாம் நாள் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

சத்தியம் கடைக்குள் கால் வைக்கமாட்டேன் என்பதுதானே, அதனால் அப்பா வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார். ஒரு கால் விரல்கூட அந்தப் பக்கம் போய்விடாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னைச் சாட்சியாக நிறுத்தினார். கடைக்கார மாணிக்கம் பலகைகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்.

"இத்தன வருசம் நீ அதுமேல சாஞ்ச. இனிமே அது உன்கிட்ட சாயட்டும்," என்று மாணிக்கம் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சொன்னார். கள்ளுக்கடைச் சாமானைச் சாமி வண்டியில் போட அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்று அவருக்குப் பயம். பலகையைச் சாம்பலும் மணலும் போட்டு ஆற்றில் தேய்த்துக் கழுவி, சாயங்காலமே ஆணி அடித்துவிட்டார். மண்டோர் ஏறிக் குதித்துப் பார்த்தார். அவர் குதித்தால் லயத்துத் தூண் ஆடும். பலகை முனகக்கூட இல்லை. மரம் எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டதற்கு, ஒரு இடத்தில் என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பாதி சொல்ல வரும்.

மறுநாள் வெயில் ஏறியது.

முதலில் வெள்ளையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு சின்னச் சின்ன ஈக்கள் ஒரு மேகமாகக் கூடவே வந்தன. பாலுக்கு மரம் சீவிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சிவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் நடந்துவந்தார்கள். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போலக் கிட்டே வந்தாள். வாயில் வெற்றிலை வாசம். சரி என்று திரும்பினவள் நின்றாள். தோளை முகர்ந்தாள், முதுகை முகர்ந்தாள், வேட்டியைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாய் குடிக்கலயாம். அப்ப வேட்டி குடிச்சுதான்னு உங்கப்பாகிட்டக் கேளு," என்றாள்.

அதோடு அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் என் வழியாகத்தான். அப்பா மாட்டிக்கொண்டார். பலகை விஷயத்தைச் சொன்னால் ஆத்தாளுக்கு வண்டி இல்லை. சொல்லாவிட்டால் அவர் குடிகாரர். எனக்கோ நாக்கு அரித்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்து நான் சாப்பிடவே பயந்தேன். பயந்துகொண்டே இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

மூன்று நாள் வேட்டி நாறியது. நாலாம் நாள், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்க, அம்மா துணி மூட்டையைக் கட்டிவிட்டாள். ராசாவுக்குப் போகிறாள். என்னையும் கூட்டிப்போகிறாள். எனக்கு அப்போதுதான் சிரிப்பெல்லாம் அடங்கியது. அம்மா விளையாட்டுக்கு மூட்டை கட்டுகிறவள் இல்லை.

ஆனால் ரயிலடிக்கு எப்படிப் போவது? லயத்தில் வண்டி ஒன்றுதான். புருஷனை விட்டுப் போகிற பெண்சாதியைப் புருஷனே வண்டி கட்டிக் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. அப்பா முன்னால், அம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால், நடுவில் மூட்டையோடு நான். வெயில் தன் பாட்டுக்கு ஏறியது. பலகை சுட ஆரம்பித்தது.

வழியில் பாதி தாண்டியிருப்போம். இப்போதும் குடித்துவிட்டுத்தான் ஓட்டுகிறாரா என்று கேட்கச் சொல்லி அம்மா என்னை இடித்தாள். நான் கேட்பதற்குள் அவளே தன் முந்தானையை எடுத்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். என்னை இழுத்து என் பாவாடையை முகர்ந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க," என்றாள். நாலு நாளில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

இறங்கிவந்து குனிந்து பலகையில் மூக்கை வைத்தாள். பிறகு உட்கார விரித்திருந்த வைக்கோலை ஒதுக்கினாள். பலகை முழுக்க மொந்தை வைத்த வட்டம் வட்டமான கறை. ஓரத்தில் விளக்கு விழுந்து கருகின இடம். அந்தக் கருகலைக் கையால் தடவினாள். அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் காதில் விழவில்லை என்று அந்தப் பலகையை எத்தனை சாயங்காலம் தட்டியிருப்பாள்!

"இதுல என் வளையல் எத்தன ஒடஞ்சிருக்கு," என்றாள்.

அப்பா அழாத குறை. வேலிக்கு இந்தப் பக்கமே நின்றதையும் நான் சாட்சி என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "எடுத்துட்டா சாமிக்கு வண்டி இல்ல. எடுக்கலேன்னா எனக்கு நீ இல்ல. நீயே சொல்லு புள்ள," என்றார்.

அம்மா வைக்கோலைப் பழையபடி பலகைமேல் பரப்பினாள். ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை முன்பக்கம் பார்த்து. மாட்டைத் திருப்பச் சொன்னாள். திரும்பிவரும் வழியெல்லாம், தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காக என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். எனக்கு அது இனித்தது.

தீப்பந்தம் ரப்பர் மரத்துக்கு ஆகாது என்று துரை சொல்லியிருந்ததால் எங்கள் ஊர்வலம் பகலில்தான். அம்மா தட்டு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாழை இலை பரப்பி, வேப்பிலையைக் குவித்து வைத்தாள். இரண்டு லயம் தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது லயத்துக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்தது. வண்டியில் ஆத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூசாரியை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பூசாரி அப்பாவைப் பார்த்தார். மண்டோர் கையைத் தூக்கினார், உறுமி நின்றது. எந்தப் பாவி குடித்துவிட்டு வந்தவன் என்று கேட்டுக்கொண்டே அவர் அப்பாவின் பக்கம் வந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா கூட்டத்திலிருந்து வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் குடிக்கல, மண்டோரய்யா. இது கள்ளுக்கடைப் பலகை. நம்ம லயத்துப் புள்ளைங்க சோறெல்லாம் இதுமேலதான் போச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது ஆத்தா இதுமேல உக்காரட்டும்."

ஆம்பிளைகள் எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். அந்தப் பலகையில் மண்டோரின் முழங்கை பட்டுத் தேய்ந்த இடமே ஒரு சாண் இருக்கும். ஒரு கிழவி குலவை போட்டாள். பிறகு பெண்கள் அத்தனை பேரும் போட்டார்கள். மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டியை ஓட்டச் சொன்னார்.

இப்போது நான் ரவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்த லயம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆற்றுத் துறைக்குப் போன வண்டிப் பாதை எது என்று கேட்டால் காட்ட ஆளில்லை. அப்பாவின் வண்டியைப் பிரித்தபோது ஒரு துண்டுப் பலகையை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். பின்கட்டில் பூந்தொட்டிகள் அதன்மேல்தான் இருக்கின்றன. சில நாள் மத்தியானத்தில் யாரும் பார்க்காதபோது குனிந்து முகர்ந்து பார்ப்பேன். வாடை போய்விட்டது. வெறும் மரம்தான்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அப்பா இன்னும் பதினெட்டு வருஷம் அந்தத் தட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டினார். தினமும் கள் வாடையோடுதான் வீட்டுக்கு வந்தார். அம்மா ஒரு நாளும் அவர் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்து கண்டுபிடிக்க இனி வழி இல்லை, நம்பத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. கடைசிவரை அவர் குடிக்கவில்லை.